அரசாங்க அமைப்போடு தகராறா? லாயரைப் பிடிக்கும் முன் கடிதத்தின் தேதியைப் பாருங்கள்

சிங்கப்பூரில் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் (வீவக), வரி ஆணையம், மனிதவள அமைச்சு, குடிநுழைவு ஆணையம், எங்கிருந்து வந்த கடிதமாக இருந்தாலும் சரி, மனம் கலங்கிப்போய் லாயர் நம்பர் தேடத் தொடங்கும் முன் அதில் இரண்டு இடங்களைப் பாருங்கள். மேலே இருக்கும் தேதி. அப்புறம் கடைசிப் பத்தியில், மேல்முறையீடு செய்யலாமா, யாரிடம், எத்தனை நாளுக்குள் என்று சொல்லும் வரி. அந்த வரி பெரும்பாலும் சின்னதாக, இணையத்தள முகவரிக்குப் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு கிடக்கும். வீட்டில் பெரியவர்கள் படித்தால் கண்ணிலேயே படாது. நியாயம் முழுசாக நம் பக்கம் இருந்தாலும் நாள் கடந்துவிட்டால் எவ்வளவு கெட்டிக்கார லாயராலும் அதிகம் செய்ய முடியாது, அதனால்தான் இதை முதலில் சொல்கிறேன்.

ஒவ்வொரு அமைப்புக்கும் சட்டம் தனித்தனி வழி வைத்திருக்கிறது. வருமான வரி மதிப்பீடு தப்பு என்று நினைத்தால், தனிநபர்கள் மதிப்பீட்டுக் கடிதத்தின் தேதியிலிருந்து 30 நாளுக்குள் ஆட்சேபம் தெரிவிக்க வேண்டும். ஆட்சேபம் போட்டாச்சே என்று வரியைக் கட்டாமல் இருக்க முடியாது, முதலில் கட்டத்தான் வேண்டும், ஜெயித்தால் திரும்ப வரும். ஆட்சேபத்தை ஏற்க மாட்டோம் என்று ஆணையம் கடைசியாக மறுத்துவிட்டால் வருமான வரி மறுஆய்வு வாரியத்துக்கு மேல்முறையீட்டு அறிவிப்பு கொடுக்க 7 நாள்தான் இருக்கிறது, அந்த 7 நாளில் லாயர் தேடினால் மூச்சு முட்டும், ஆகவே ஆட்சேபம் போடும்போதே ஒருவரைப் பேசி வைத்துக்கொள்ளுங்கள். சொத்து வரி கணக்கிட வைக்கும் வீட்டின் ஆண்டு மதிப்பு பற்றிய தகராறுக்கு வேறொரு வாரியம், அரசாங்கம் எடுத்துக்கொண்ட நிலத்துக்குக் கொடுக்கும் தொகை போதவில்லை என்றால் அதற்கு இன்னொன்று. வெளிநாட்டவர் இங்கே வேலை செய்வதற்கான எம்ப்ளாய்மெண்ட் பாஸ், எஸ் பாஸ் மறுக்கப்பட்டால் 3 மாதத்துக்குள் மேல்முறையீடு செய்யலாம், ஆனால் அதை முதலாளிதான் செய்ய முடியும்; லாயருக்குப் பணம் கொடுக்கும் முன் முதலாளியிடம் பேசிவிடுங்கள். இப்படி இருக்கிற வழியை விட்டுவிட்டு நேராகக் கோர்ட் வாசலில் போய் நின்றால், அந்த வழியில் ஏன் போகவில்லை என்பதுதான் முதல் கேள்வியாக இருக்கும்.

பொதுமக்களின் புகாரை விசாரிக்கும் ஆம்புட்ஸ்மன் என்று ஒருவர் சில நாடுகளில் உண்டு, இங்கே கிடையாது. தலைமை நீதிபதி வீ சோங் ஜின் தலைமையிலான அரசமைப்பு ஆணையம் 1966லேயே அப்படி ஒருவர் வேண்டும் என்று பரிந்துரைத்தது, நடக்கவில்லை. அதனால் நமக்கெல்லாம் முதலில் ஞாபகத்துக்கு வருவது, தொகுதி நாடாளுமன்ற உறுப்பினர் (எம்பி) மக்களின் குறைகளைக் கேட்கும் மக்கள் சந்திப்பு. தாராளமாகப் போங்கள், பல விஷயங்கள் அங்கேயே நல்லபடியாக முடிந்துவிடும், தொண்டூழியர்கள் பொறுமையாக உட்கார்ந்து கடிதம் எழுதிக் கொடுப்பார்கள். ஆனால் அந்தக் கடிதம் ஒரு வேண்டுகோள். சட்டம் சொல்லும் மேல்முறையீடு வேறு. "எம்பி கடிதம் போட்டாச்சு அண்ணே, பதில் வரட்டும், அப்புறம் பார்ப்போம்" என்று வாரக்கணக்கில் காத்திருக்கிறார்களே, அந்த நேரமெல்லாம் கெடுவிலிருந்துதான் கழிகிறது. எம்பியையும் பாருங்கள், மேல்முறையீட்டையும் தனியாகப் போட்டுவிடுங்கள்.

எல்லா வழியும் முடிந்த பிறகு மிஞ்சுவது உயர் நீதிமன்றத்தில் நீதிமுறை மறுஆய்வு. இங்கேதான் உண்மையில் லாயர் தேவை, இங்கேதான் மக்கள் அதிகம் ஏமாந்துபோகிறார்கள். நீதிபதி அதிகாரியின் நாற்காலியில் உட்கார்ந்து உங்களுக்கு வீடு கொடுக்கலாமா வேண்டாமா என்று முடிவு செய்ய மாட்டார். சட்டம் கொடுக்காத அதிகாரத்தைப் பயன்படுத்தினார்களா, அறிவுக்கே பொருந்தாத முடிவா, உங்கள் தரப்பைக் கேட்காமலோ முறையை மீறியோ நடந்துகொண்டார்களா என்றுதான் பார்ப்பார். எந்த அதிகாரத்துக்கும் சட்டம் போட்ட எல்லை உண்டு என்று 1988ல் ஒரு தடுப்புக்காவல் வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது, இன்றைக்கும் லாயர்கள் அதை எடுத்துக்காட்டுகிறார்கள். முடிவை ரத்துசெய்யக் கேட்பதாக இருந்தால் அந்த முடிவு வந்த 3 மாதத்துக்குள் முதலில் கோர்ட்டின் அனுமதியைக் கேட்டு மனு போட வேண்டும். தாமதமானால் ஏன் என்று கோர்ட் ஏற்கும்படி காரணம் சொல்ல வேண்டியிருக்கும். உங்களிடம் நாலு கடிதம் இருந்தால் எந்தக் கடிதத்திலிருந்து நாள் எண்ணுவது என்பதே ஒரு சட்டக் கேள்வி, அதை லாயரிடம் நேராகக் கேளுங்கள். ஜெயித்தாலும் பெரும்பாலும் விஷயம் திரும்ப அதே அமைப்பிடம்தான் போகும், அவர்கள் இந்த முறை ஒழுங்காக யோசித்து அதே முடிவையே எடுக்கவும் கூடும். குடிநுழைவுச் சட்டத்தின் கீழ் எடுத்த முடிவுகளுக்கு இன்னும் குறுகலான வாசல்: நடைமுறை சரியாகப் பின்பற்றப்பட்டதா என்பதைத் தவிர மற்றதைக் கோர்ட் மறுஆய்வு செய்ய முடியாது என்று அந்தச் சட்டமே சொல்கிறது. ஆகவே நிரந்தரவாசத்தை வழக்குப் போட்டு வாங்கித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். அதைச் சொல்பவர் லாயரே இல்லாத ஏஜெண்டாக இருந்தால் இன்னும் வேகமாக வந்துவிடுங்கள்.

சரி, யாரைப் பிடிப்பது? உங்கள் வீட்டு விற்பனையைப் பார்த்த லாயர் நல்ல மனிதராக இருக்கலாம், இது அவருடைய துறை இல்லை. நான் எல்லாரிடமும் சொல்லும் வழி இதுதான்: இலிட்டிகேஷன் (eLitigation) இணையத்தளத்தில் கோர்ட் தீர்ப்புகளை இலவசமாகப் படிக்கலாம். உங்கள் தகராறு எந்த அமைப்போடு என்று போட்டுத் தேடுங்கள். ஒவ்வொரு தீர்ப்பிலும் யார் யாருக்காக வாதாடினார் என்று பெயர் இருக்கும், அதிலேயே ஒரு நாலைந்து பெயர் கிடைக்கும், தோற்ற பக்கத்து லாயரையும் ஒதுக்க வேண்டாம், கஷ்டமான வழக்கை நன்றாக நடத்தியிருப்பார். பிறகு சட்ட அமைச்சின் தேடல் பக்கத்தில் அவருக்கு இப்போது தொழில் உரிமம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். போனில் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "நீங்களோ உங்கள் நிறுவனமோ இந்த அமைப்புக்கு வேலை செய்கிறீர்களா?" ஊர் சின்னது, கழகங்களும் ஆணையங்களும் தனியார் சட்ட நிறுவனங்களை வைத்துக்கொள்வது உண்டு, அப்படியிருந்தால் அவர் உங்கள் வழக்கை எடுக்க முடியாமல் போகலாம். அமைச்சை எதிர்த்து வழக்கென்றால் எதிர்த்தரப்பில் தலைமைச் சட்ட அதிகாரி அலுவலகம் நிற்கும். வீவக போன்ற கழகத்தை அதன் பெயரிலேயே வழக்கில் சேர்ப்பார்கள்.

சந்திக்கப் போகும்போது பை நிறையக் காகிதத்தோடு போகாதீர்கள். ஒரே ஒரு தாளில் தேதி வரிசையில் எழுதுங்கள்: மார்ச் 3 வீவக கடிதம், மார்ச் 10 கவுண்டரில் பேசினோம், அதிகாரி இப்படிச் சொன்னார், மார்ச் 12 மின்னஞ்சல் அனுப்பினோம், பதில் இல்லை. ஒவ்வொரு வரிக்கும் ஆதாரத்தைப் பின்னால் எண் போட்டு அடுக்குங்கள். லாயர் நேரத்துக்குக் காசு வாங்குபவர், அவர் உங்கள் பையைக் கிளறும் நேரத்துக்கும் நீங்கள்தான் கட்டுகிறீர்கள். இங்கே தகவல் அறியும் உரிமைச் சட்டம் இல்லை, அமைப்பின் ஃபைலைக் கொடு என்று கேட்டு வாங்க முடியாது, ஆகவே உங்கள் கையில் இருப்பதுதான் உங்கள் பலம். சிங்பாஸ் என்ற அரசாங்க மின்னிலக்க அடையாளக் கணக்கு வழியாக வந்த கடிதங்களையும் உடனே இறக்கி வையுங்கள்.

காசு விஷயத்தைக் கூச்சப்படாமல் பேசுங்கள். ஜெயித்தால் பங்கு கொடு, தோற்றால் ஒன்றும் வேண்டாம் என்ற ஏற்பாடு இந்த மாதிரி வழக்குகளுக்கு இங்கே சட்டப்படி கிடையாது. கடிதம் எழுத எவ்வளவு, அனுமதி மனு வரைக்கும் எவ்வளவு, முழு விசாரணைக்கு எவ்வளவு என்று படிப்படியாகப் பிரித்து எழுத்தில் வாங்குங்கள், ஜிஎஸ்டியும் கோர்ட் கட்டணமும் அதில் அடங்குமா என்று கேளுங்கள். தோற்றால் எதிர்த்தரப்பின் செலவில் ஒரு பகுதியை நீங்கள் கட்ட வேண்டி வரலாம், அந்தத் தொகை தோராயமாக எவ்வளவு என்று சொல்லாத லாயரிடம் கையெழுத்துப் போடாதீர்கள்.

வசதி இல்லாதவர்கள் சட்ட உதவிப் பிரிவை நாடலாம். குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் மட்டும், வருமானத்தையும் வழக்கில் சத்து இருக்கிறதா என்பதையும் பார்ப்பார்கள். புரோ போனோ எஸ்ஜி என்ற சட்ட உதவி அமைப்பு நடத்தும் இலவச ஆலோசனைக்கு முன்பதிவு செய்தால் ஒரு லாயரிடம் சுமார் 20 நிமிடம் பேசலாம், அவர் உங்களுக்காக வாதாட மாட்டார், ஆனால் வழக்கு நிற்குமா, எந்த வாசலைத் தட்டுவது என்று தெரிந்துகொள்ள அது போதும்.

அம்மா அப்பாவுக்காக நீங்கள் ஓடுகிறீர்கள் என்றால் இன்னொன்று. கோர்ட்டுக்குப் போகும் சத்தியப் பிரமாணப் பத்திரம் ஆங்கிலத்தில் இருக்கும், கையெழுத்துப் போடுவது அவர்கள். அதை வரி வரியாகத் தமிழில் சொல்லிப் புரியவைத்த பிறகே கையெழுத்து வாங்க வேண்டும் என்று லாயரிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். ஒரு தேதியோ ஒரு பெயரோ தப்பாக இருந்தால் அங்கேயே நிறுத்தித் திருத்தச் சொல்லுங்கள், லாயர் அவசரத்தில் இருந்தாலும் பரவாயில்லை.