ஏரித் தண்ணீர் ஏன் கெட்டது? வாய்க்காலைப் பிடித்து மேலே போங்கள்

புதுச்சேரியின் ஊசுட்டேரியோ பாகூர் ஏரியோ, தண்ணீர் பச்சையாகிவிட்டது என்றால் உடனே பாட்டிலில் பிடித்துக்கொண்டு லேபுக்கு ஓடாதீர்கள். அது எந்த நிலத்தின் மேல் ஓடி வந்தது என்று கண்டுபிடிப்பதுதான் முதல் வேலை.

கிராம வரைபடத்தில் வரத்து வாய்க்கால்களைக் குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் கூகுள் எர்த்தில் பழைய படங்களை ஓட்டினால் எந்த வருடம் எந்த நஞ்சை மனையானது என்பது தெரிந்துவிடும். ஊசுட்டேரிக்குச் சங்கராபரணி ஆற்றிலிருந்தும் வாய்க்காலில் தண்ணீர் வருவதால் கரையை மட்டும் சுற்றி வந்தால் பாதிக் கதைதான் கிடைக்கும். கடலூர் பக்கம் வாலாஜா ஏரி என்றால் நெய்வேலிச் சுரங்கத்திலிருந்து இறைத்து விடும் தண்ணீரையும் கணக்கில் சேருங்கள்.

முதல் மழைக்கு வாய்க்கால் வாயில் நின்று பாருங்கள். செம்மண் கலங்கலாக வந்தால் மேட்டில் மண் அரிக்கிறது; சாம்பல் நிறமும் நுரையும் நாற்றமுமாக வந்தால் பெரும்பாலும் சாக்கடைதான்.

வண்டலை மட்டும் விட்டுவிடாதீர்கள், பழைய கணக்கு முழுக்க அதில்தான் இருக்கிறது. வயலில் போட்ட டிஏபி உரத்தில் ஒரு பங்கு பாஸ்பரஸ் மண்துகளோடு ஒட்டி வந்து அடியில் படிந்துவிடும், கோடையில் அடித்தண்ணீரில் ஆக்சிஜன் தீர்ந்ததும் அது மறுபடி கரைந்து மேலே வந்து பாசிக்குத் தீனியாகும். அதனால்தான் சாக்கடையை அடைத்த பிறகும் பல வருடம் பச்சை போகாது, அடைத்தது வீண் என்று மனம் விட்டுவிடாதீர்கள்.

சரி, இப்போது லேபுக்குப் போகலாம். வாய்க்கால் வாய், ஏரி நடு, கலிங்கல் (உபரி நீர் வழிந்து வெளியேறும் இடம்) மூன்றிலும் மாதிரி எடுத்து மொத்த பாஸ்பரஸ், நைட்ரேட் கேளுங்கள். கரைந்த ஆக்சிஜனை ஏரியிலேயே, விடியும் முன் அளந்துவிடுங்கள். பாசி இரவெல்லாம் சுவாசித்து அப்போதுதான் அளவு அடிமட்டத்தில் இருக்கும்.