தேய்ந்த கனடிய நாணயங்களில் அச்சு வேறுபாடுகளைக் கண்டறிதல்

பழைய கனடிய ஒரு சென்ட் காசுகள் பல கை மாறித் தேய்ந்து, அரசியின் முகம் வெறும் மேடாக மழுங்கிய நிலையில்தான் பெரும்பாலும் நமக்குக் கிடைக்கின்றன. அத்தகைய காசு எந்த அச்சில் (உருவத்தைக் காசில் பதிக்கும் உலோக வார்ப்பில்) அடிக்கப்பட்டது என்று அறிய விரும்புபவர், அந்த அச்சுவகைக்குப் பெயர் தந்த அடையாளத்தை முதலில் தேடக்கூடாது. அது காசின் உயரமான பகுதியில் இருந்தால், எல்லாவற்றுக்கும் முன்பே தேய்ந்திருக்கும். விளிம்பை ஒட்டித் தாழ்வாக அமைந்த எழுத்துகளும் ஆண்டின் இலக்கங்களுமே நெடுங்காலம் தாக்குப்பிடிக்கின்றன.

1953ஆம் ஆண்டுக் காசு இதற்கு நல்ல சான்று. மேரி கில்லிக் வடித்த இரண்டாம் எலிசபெத்தின் உருவத்தில் தோளின் ஆடை மடிப்பு தொடக்கத்தில் தெளிவாகப் பதியாததால், கனடிய நாணயச்சாலையின் செதுக்குநர் தாமஸ் ஷிங்கிள்ஸ் அதே ஆண்டில் அச்சைத் திருத்தினார். எனவே அவ்வாண்டுக் காசுகளில் தோள்மடிப்பு இல்லாதவை, உள்ளவை என இரு வகைகள் உண்டு. தோள் தேய்ந்துவிட்டால் இரண்டாம் வகையும் முதல் வகையைப் போலவே தோன்றும் என்பதால், அந்த மடிப்பை வைத்து முடிவுசெய்வது வீண். மாறாக, அரசியின் பட்டப்பெயர்த் தொடரில் வரும் ஆங்கில 'ஐ' எழுத்துகளைப் பத்து மடங்கு பெருக்கும் கைலென்ஸால் பாருங்கள். மடிப்பில்லா வகையில் அவற்றின் மேல்முனையும் கீழ்முனையும் அகன்று விரிந்திருக்கும். மடிப்புள்ள வகையில் பக்கங்கள் ஏறத்தாழ நேர்கோடாக இருக்கும்.

1955ஆம் ஆண்டுக் காசுகளில் மிகச் சிலவே பழைய, மடிப்பில்லா அச்சில் அடிக்கப்பட்டன. அவற்றுக்குச் சேகரிப்பாளரிடையே நல்ல விலை உண்டு. அதனாலேயே, தோள் தேய்ந்த சாதாரண 1955 காசுகளும் அரியவை என்று விற்பனைக்கு வருகின்றன. எழுத்துகள் தெளிவாகத் தெரியும் படத்தைக் காட்டாத விற்பனையாளரிடம் அதை வாங்காதிருப்பதே நல்லது.

விக்டோரியா காலத்து 1859 சென்ட் இன்னும் நுணுக்கமானது. லண்டனில் அடிக்கப்பட்ட இக்காசுகளில், 1858க்கான அச்சில் கடைசி 8இன் மேல் 9 குத்தி அடிக்கப்பட்டவை சில. அந்த 9 அகலமானது. பெருவாரியாகக் கிடைக்கும் காசுகளில் இருப்பதோ குறுகிய 9. குறுகிய 9ஐயே இருமுறை குத்திய அச்சுகளும் உண்டு, குழப்பம் இங்குதான் பிறக்கிறது: அந்த இரட்டைக் கோட்டைக் கண்டவுடன் அடியில் 8 இருப்பதாகப் பலர் எண்ணிவிடுகின்றனர். ஆகவே, முதலில் 9இன் அகலத்தை உறுதிசெய்துகொண்டு, அதன் பின்னரே அடியில் எஞ்சிய தடத்தை ஆராய வேண்டும். அகலத்தைத் தனியே மதிப்பிடுவதைவிட, வகை ஐயமின்றித் தெரிந்த நல்ல காசு ஒன்றின் படத்தை அருகில் வைத்து ஒப்பிடுவது எளிது.

ஒற்றை விளக்கைத் தாழ்வாக, சாய்ந்த ஒளி விழுமாறு வைத்துக் காசை மெதுவாகச் சுழற்றினால், நேரொளியில் தெரியாத தடங்கள் நிழலாக எழும். அச்சில் விழுந்த விரிசல் காசில் மேடான கோடாகவே பதியும். பள்ளமான கோடு பெரும்பாலும் பின்னர் ஏற்பட்ட கீறல். காசைத் தேய்த்துக் கழுவ வேண்டாம்: மேட்டைச் சுற்றிப் படிந்த கருமைதான் பல நேரங்களில் இலக்கத்தின் வடிவத்தை எடுத்துக்காட்டுகிறது.