தாத்தாவும் ஆயாவும் நிரப்பி முடிக்கும் படிவம்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஒரு கோயில் சபையோ தமிழ்ச் சங்கமோ இணையத்தில் கருத்துக் கேட்டால், பெரியவர்களில் பலர் முதல் கேள்விக்கு வருமுன்பே நின்றுவிடுகிறார்கள். முதலில் அந்தத் தடைகளை எடுங்கள்.

கூகுள் ஃபார்ம்ஸில் ‘ஒருவருக்கு ஒரு பதில்’ என்ற அமைப்பை அணைத்துவிடுங்கள். அது இருந்தால் கூகுள் கணக்கில் நுழையச் சொல்லும்; பேரன் அமைத்துக் கொடுத்த போனின் கடவுச்சொல் பாட்டிக்கு எப்படித் தெரியும்? கோப்பு ஏற்றச் சொல்லும் கேள்வியும் அப்படியே, கணக்கு கேட்கும். கணக்கில்லாமல் நிரப்பும்போது பாதிப் பதில் சேமிக்கப்படாது. பக்கம் மூடிக்கொண்டால் மறுபடி முதலிலிருந்துதான். அதனால் எட்டுக் கேள்விக்கு மேல் வைக்காதீர்கள்.

வாட்ஸ்அப்புக்கு மட்டுமான டேட்டா வாங்குபவர்கள் இங்கே நிறைய. அவர்களுக்குச் செய்தி வரும், இணைப்போ திறக்காது. அவர்களுக்கு வாட்ஸ்அப்பிலேயே கேள்வியை அனுப்பி, குரல்பதிவாகப் பதில் வாங்குங்கள். குழு வாக்கெடுப்பு சுலபம்தான். ஆனால் யார் எதைத் தேர்ந்தார் என்பது குழுவுக்கே தெரியும். சொந்த விஷயங்களுக்கு அது வேண்டாம்.

தமிழ் எழுத்தில் மட்டும் கேட்டால் டர்பனின் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பகுதிகளில் பலருக்குப் படிக்க வராது. தேவாரம் மனப்பாடமாகத் தெரியும், எழுத்து தெரியாது. எளிய ஆங்கிலத்தில் எழுதி, கீழே தமிழ் வையுங்கள். இணைப்போடு, கேள்விகளைத் தமிழில் வாசித்த ஒரு நிமிடக் குரல்பதிவும் போகட்டும்.

கட்டம்கட்டமான அட்டவணைக் கேள்வி சிறிய திரையில் வலப்பக்கம் மறைந்துவிடும். கண்ணில் படும் கட்டங்களிலேயே பதில் குவியும். அதைத் தனித்தனிக் கேள்விகளாகப் பிரியுங்கள். 1 முதல் 5 வரை எண் கேட்பதைவிட ‘நல்லது, பரவாயில்லை, சரியில்லை’ என்றால் போதும். பிறந்த தேதியும் கேட்காதீர்கள்: நாள்காட்டி இந்த மாதத்தில் திறக்கும், 1948-க்கு நகர்த்துவதற்குள் விரல் வலிக்கும். வயதுப் பிரிவு போதுமானது. கட்டாயக் கேள்வி ஒன்று விடுபட்டாலும் படிவம் போகாது; போய்விட்டது என்று நினைத்து மூடிவிடுவார்கள். கட்டாயம் ஒன்றிரண்டுக்கு மேல் வேண்டாம். முடிவில் ‘உங்கள் பதில் கிடைத்தது, இனி எதுவும் செய்ய வேண்டாம்’ என்று வரட்டும்.

மோசடிச் செய்திகளைப் பார்த்துப் பயந்தவர்கள் சுருக்கிய இணைப்பைத் தொட மாட்டார்கள், தொடாததும் சரிதான். முழு முகவரியை, அவர்களுக்குத் தெரிந்தவர் எண்ணிலிருந்து அனுப்புங்கள். யார் கேட்கிறார்கள், எதற்கு என்பதை முதல் வரியிலேயே சொல்லுங்கள். 2021 ஜூலை முதல் முழுமையாக அமலில் இருக்கும், தனிநபர் தகவலைக் காக்கும் போப்பியா (POPIA) சட்டமும் அதை எதிர்பார்க்கிறது. அடையாள அட்டையிலுள்ள 13 இலக்க எண்ணைக் கேட்கவே வேண்டாம். அதன் முதல் ஆறு இலக்கங்களே பிறந்த தேதி.

அனுப்புமுன் மூன்று பெரியவர்களை அவரவர் போனிலேயே நிரப்பச் சொல்லி, வாய் திறக்காமல் பக்கத்தில் உட்காருங்கள். விரல் தயங்கும் இடத்தை மாற்றுங்கள்.

அப்படியும் முடியாதவர்களுக்குப் புரட்டாசி சனிக்கிழமை கோயிலில் ஒரு தொண்டர் கேள்வியை வாசித்து, சொன்னதைச் சொன்னபடி பதியலாம். ‘நீங்களே நிரப்பினீர்களா, ஒருவர் உதவினாரா?’ என்று கடைசியில் கேளுங்கள். தெரிந்த முகத்துக்கு எதிரே யாரும் குறை சொல்லத் தயங்குவார்கள். அந்தப் பதில்களைத் தனியாக எண்ண வேண்டும்.