திரையில் குரல் நாண் தெரிகிறது, டியூப் ஏன் போகவில்லை?

மயக்கத்தில் இருப்பவரின் மூச்சுக்குழாயில் டியூப் போடும்போது, பிளேடின் நுனியருகே உள்ள கேமரா மூலம் குரல்வளையைத் திரையில் காட்டும் கருவி வீடியோ லாரிஞ்சோஸ்கோப். அது இப்போது பெரிய மருத்துவக் கல்லூரி தியேட்டர்களோடு நிற்பதில்லை. கோபி, தாராபுரம், பொள்ளாச்சி என்று ஒரே நாளில் இரண்டு மூன்று நர்சிங் ஹோமுக்குப் போய் மயக்க மருந்து கொடுக்கும் டாக்டரின் பையிலும் ஒன்று இருக்கிறது. ஆனால் புதிதாகப் பழகும் பி.ஜி. மாணவர்கள் வருடா வருடம் அதே இடங்களில்தான் தடுக்கி விழுகிறார்கள். சார்ஜ் போட மறப்பது, பிளேடு சைஸ் மாறிப்போவது போன்றவற்றை முதல் வாரத்திலேயே டெக்னீஷியன் சொல்லித் திருத்திவிடுவார். நோயாளிக்குக் காயம் உண்டாக்கும் தவறுகளைப் பற்றித்தான் இங்கே பேச வேண்டும்.

எல்லா பிளேடுக்கும் ஒரே கைப்பழக்கம்

சாதாரண லாரிஞ்சோஸ்கோப்பில் இருப்பது போலக் குறைந்த வளைவுள்ள மேக்கின்டாஷ் வடிவ பிளேடு என்றால் பழைய பழக்கம் அப்படியே செல்லும். வலப்பக்கமாக நுழைத்து, நாக்கை இடப்பக்கம் ஒதுக்கி, நுனியை நாக்கின் அடிக்கும் குரல்வளை மூடிக்கும் நடுவே உள்ள பள்ளமான வேலிகுலாவில் வைக்கலாம். டியூபுக்கு வழிகாட்டும் நீண்ட மெல்லிய குச்சியான பூஜியும் நன்றாக ஒத்துழைக்கும். டி-பிளேடு, கிளைடுஸ்கோப் போன்ற அதிக வளைவுள்ள பிளேடுகளுக்கு இது பொருந்தாது. அவற்றை நாக்கின் நடுவிலேயே இறக்க வேண்டும். நாக்கை ஒதுக்கத் தேவையில்லை, பலமாகத் தூக்கவும் தேவையில்லை. டியூபை வளைந்த வடிவில் நிறுத்தும் உள்கம்பியான ஸ்டைலட் கட்டாயம், அதன் வளைவும் பிளேடின் வளைவோடு ஒத்துப்போக வேண்டும். நேரான பூஜியை இங்கே நுழைத்தால், குரல்வளை வரைக்கும் மேலே ஏறாமல் உணவுக்குழாய்ப் பக்கமே சாயும்.

டியூப் வாய்க்குள் நுழையும்போது கண் திரையில்

இத்தனை வருடம் சொல்லியும் மாறாத, பார்க்கும்போதெல்லாம் எரிச்சல் வரும் தவறு இதுதான். கேமரா பிளேடின் நுனிக்குச் சற்றுப் பின்னால் இருக்கிறது. தனக்கு முன்னால் இருப்பதை மட்டுமே காட்டும். உதட்டிலிருந்து அந்த இடம் வரைக்கும் டியூப் போகும் பாதை எந்தத் திரையிலும் வராது. அந்தப் பாதையில்தான் மென் அண்ணமும் டான்சில் மடிப்பும் இருக்கின்றன. பிளேடு நாக்கை முன்னே தள்ளும்போது அந்த மடிப்பு இழுத்துக் கட்டிய திரைச்சீலை போல விறைத்து நிற்கும். டியூபுக்குள் இருப்பதோ கெட்டியான ஸ்டைலட். டியூப் வலப்பக்கமாக நுழைவதால் காயங்களில் பெரும்பாலானவை வலப்பக்கமே.

நடப்பது எப்போதும் ஒரே மாதிரிதான். பித்தப்பை அறுவைக்கு வந்த நோயாளி, சுலபமான கழுத்து. திரையில் குரல் நாண் இரண்டும் பளிச்சென்று தெரிய, "சூப்பர் வியூ சார்" என்கிறார் மாணவி. டியூபை வாங்குகிறார், கண் திரையை விட்டு நகரவில்லை. டியூப் திரையில் வரவில்லை. பக்கத்தில் நிற்கும் டெக்னீஷியன், "மேடம், டியூப் இன்னும் வாய்க்குள்ளயேதானுங்க நிக்குது" என்கிறார். குனிந்து வாயைப் பார்க்க அரை நொடிகூட ஆகாது. அதற்குப் பதில் கை இன்னும் கொஞ்சம் அழுத்துகிறது. ஏதோ சட்டென்று விட்டுக்கொடுத்தது போல ஒரு உணர்வு. உடனே டியூப் திரையில் எட்டிப் பார்க்கிறது, நுனியில் ஒரு கீற்று ரத்தத்தோடு. உள்ளே போய்விட்டது, வெளிமூச்சின் கார்பன் டை ஆக்சைடைக் காட்டும் கேப்னோகிராஃப் வரைகோடு அழகாக வருகிறது, எல்லோருக்கும் நிம்மதி. அறுவை முடிந்து வாயை சக்‌ஷன் செய்யும்போது ரத்தக்கட்டி வருகிறது. லைட் அடித்துப் பார்த்தால் டியூப் அந்த டான்சில் மடிப்பைத் துளைத்துக்கொண்டு போயிருக்கிறது.

இதைத் தவிர்க்கக் கண்ணுக்கு நான்கு கட்டங்கள். பிளேடு நுழையும்போது வாயைப் பாருங்கள். குரல்வளையைத் தேடும்போது திரையைப் பாருங்கள். டியூபை எடுத்ததும் மறுபடி வாயைப் பாருங்கள். பிளேடை ஒட்டியே, அதன் வளைவைத் தொடர்ந்து, நுனி நாக்குக்குப் பின்னால் மறையும் வரைக்கும் பார்வை அங்கேயே இருக்கட்டும். அதற்குப் பிறகுதான் திரை. மூன்றாவது கட்டத்தைத்தான் எல்லோரும் விழுங்கிவிடுகிறார்கள். டியூப் திரையில் வரவில்லை என்றால் அதற்கு ஒரே பதில் வாயைப் பார்ப்பது. எந்த நிலையிலும் அழுத்தக்கூடாது.

துளைத்துவிட்டது தெரிந்தால் பதறி டியூபை உருவாதீர்கள். காற்று சரியாகப் போகிறது என்றால் டியூப் அங்கேயே இருக்கட்டும், ஈ.என்.டி. டாக்டரைக் கூப்பிடுங்கள். பல காயங்கள் தானாக ஆறும். சிலவற்றுக்குத் தையல் வேண்டும். ரத்தம் கசிந்தால் சமாளிக்கத் தயாராக இருந்து, நேரில் பார்த்தபடி டியூபை எடுக்க வேண்டும். கேஸ் ஷீட்டில் எழுதுங்கள், நோயாளியிடமும் வீட்டாரிடமும் நீங்களே சொல்லுங்கள். மறுநாள் தொண்டை வலியோடு அவர்களாகக் கண்டுபிடிக்கும்படி விடுவது நியாயமில்லை.

திரை நிறையக் குரல்வளை

படம் பெரிதாகத் தெரியத் தெரிய பிளேடை உள்ளே தள்ளிக்கொண்டே போவது அடுத்த வினை. பிளேடு குரல்வளைக்கு மிக அருகே போனால் டியூப் திரும்ப இடமே இருக்காது, நுழையும் கோணமும் செங்குத்தாகிவிடும். குரல்வளையின் பாதி தெரிந்தால் போதும். அது திரையின் மேல் பாதியில் இருக்க வேண்டும். கீழ்ப் பாதி டியூப் வருவதற்கான இடம். டியூப் குரல்வளையின் பின்பக்கக் குருத்தெலும்பான அரிட்டினாய்டில் முட்டி நின்றால், பிளேடை ஒன்றிரண்டு சென்டிமீட்டர் பின்னால் இழுத்து, தூக்கும் பலத்தையும் குறையுங்கள். படம் சற்று மோசமாகும், டியூப் போய்விடும்.

ஸ்டைலட்டை விடாமல் தள்ளுவது

டியூபின் நுனி குரல் நாண்களுக்கு நடுவே வந்ததும் நிறுத்துங்கள். உதவியாளர் ஸ்டைலட்டை நாலைந்து சென்டிமீட்டர் பின்னால் இழுக்கட்டும். அந்த நேரத்தில் டியூபை உங்கள் கை அசையாமல் பிடித்திருக்க வேண்டும். வளைந்த கெட்டி ஸ்டைலட்டை நேர் மேலே இழுத்தால் டியூபும் கூடவே வெளியே வரும். வளைவின் போக்கிலேயே, நோயாளியின் நெஞ்சுப் பக்கமாக உருவ வேண்டும். அதன் பிறகும் நுனி மூச்சுக்குழாயின் முன்சுவரில் முட்டினால், டியூபை வலச்சுற்றாக 90 டிகிரி திருப்புங்கள்.

லென்ஸ் மங்கல்

மயக்க மருந்து கொடுக்கும் முன்பே கருவியை ஆன் செய்து வையுங்கள், லென்ஸ் சூடேறி மங்காமல் இருக்கும்.

எச்சிலையும் ரத்தத்தையும் கேமரா பார்த்துக்கொள்ளும் என்ற நம்பிக்கை

பார்த்துக்கொள்ளாது. பூச்சிமருந்து குடித்து வருபவரின் வாயில் எச்சில் ஊறிக்கொண்டே இருக்கும். சேலம் - கொச்சி நெடுஞ்சாலை விபத்தில் வருபவரின் வாயில் ரத்தம். லென்ஸில் ஒரு சொட்டு பட்டால் திரை முழுக்கச் சிவப்பு. இந்த நோயாளிகளுக்கு சக்‌ஷன் முன்னே போக வேண்டும், பிளேடு அதன் பின்னால். சாதாரண லாரிஞ்சோஸ்கோப்பும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும்.

வாயே திறக்காதவருக்கும் வீடியோ

வருடக்கணக்கில் புகையிலையும் பாக்கும் ஒதுக்கி, வாய்ச் சவ்வு இறுகிப்போனவர்கள் நம் பக்கம் நிறைய. இரண்டு விரல்கூட நுழையாத வாயில் பிளேடை வைத்து, அதன் பின்னால் டியூபுக்கு எங்கே இடம்? முந்தின நாள் பார்க்கும்போதே விரல் வைத்து அளந்து, விழித்த நிலையில், வளையும் மெல்லிய கேமராக் குழாயின் மேலாக டியூப் போடும் ஃபைபர் ஆப்டிக் முறைக்குத் திட்டமிடுங்கள்.

"இன்னும் ஒரே தடவை சார்"

படம் நன்றாகத் தெரிவதால் முயற்சியைக் கைவிட மனம் வராது, நேரம் போவதும் தெரியாது. அகில இந்திய கடின சுவாசப்பாதை சங்கத்தின் 2016 வழிகாட்டுதல் மூன்று முயற்சிகளோடு நிறுத்தச் சொல்கிறது. மூக்கு வழியாக நிமிடத்துக்கு 15 லிட்டர் ஆக்சிஜன் ஓடிக்கொண்டே இருக்கட்டும். ரத்தத்தின் ஆக்சிஜன் அளவான சாச்சுரேஷன் 95 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் பிளேடை வெளியே எடுத்து, மாஸ்க் வைத்து காற்று கொடுங்கள். அடுத்த முயற்சியில் எதையாவது மாற்றுங்கள்: பிளேடு, தலையின் நிலை, அல்லது டியூப் போடும் ஆள். மூன்றும் தோற்றால், குரல்வளைக்கு மேலேயே உட்கார்ந்து காற்று கொடுக்கும் லாரிஞ்சியல் மாஸ்க்.

திரையில் பார்த்ததை வைத்து உறுதி செய்வது

டியூப் மூச்சுக்குழாயில்தான் இருக்கிறது என்பதற்குச் சாட்சி திரை அல்ல, கேப்னோகிராஃப். ஏழு மூச்சாவது தொடர்ந்து வரைகோடு வர வேண்டும்.