மேற்குக் கண்ணாடியும் மற்ற தவறுகளும்: சிங்கப்பூரில் கட்டடம் வரைவோருக்கு

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு பார்க்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது, "சாயங்கால வெயில் அடிக்குமா?" என்றுதான். அலுவலகம் வரையப் பழகும் இளையர்கள் பலர் இதைக் கேட்பதே இல்லை.

மேற்கில் கண்ணாடி வைத்துவிட்டு யு-மதிப்பைப் பார்ப்பது

குளிர்நாடுகளில் உள்ளிருக்கும் சூடு வெளியேறக் கூடாது. அதனால் உள்ளுக்கும் வெளிக்கும் உள்ள வெப்பநிலை வித்தியாசத்தால் கண்ணாடி எவ்வளவு சூட்டைக் கடத்தும் என்று சொல்லும் யு-மதிப்பு முக்கியம். இங்கே உள்ளே 24 டிகிரி, வெளியே 32. வித்தியாசம் எட்டுதான். அறையைச் சுட வைப்பது கண்ணாடி வழியே நேராக இறங்கும் வெயில். அதற்குப் பார்க்க வேண்டியது ஷேடிங் கோஎஃபிஷியன்ட், அதாவது வெயிலின் சூட்டில் எவ்வளவு பங்கைக் கண்ணாடி உள்ளே விடுகிறது என்ற எண்; குறைந்தால் நல்லது.

வெளிச்சுவரும் கண்ணாடியும் உள்ளே விடும் சூட்டைக் கணக்கிடும் இடிடிவி (ETTV) சூத்திரத்தில் போட்டுப் பாருங்கள். மேற்குச் சுவரில் பாதி கண்ணாடி, ஷேடிங் 0.4 என்றால் வெயிலின் பங்கு மட்டும் சதுர மீட்டருக்கு 52 வாட். யு-மதிப்பை 5.7இலிருந்து 2.8க்கு இறக்கினால் குறைவது 5 வாட். ஷேடிங்கை 0.3 ஆக்கினால் 13 வாட். அதே சன்னலை வடக்குச் சுவருக்கு மாற்றினால் 18 வாட், கண்ணாடிக்குக் கூடுதலாக ஒரு காசில்லாமல். எந்தத் திசையில் எவ்வளவு வெயில் விழும் என்பதற்கான திருத்தக் காரணி மேற்குக்கு 1.23, வடக்குக்கு 0.80, அவ்வளவுதான் விஷயம். முதல் வரைபடத்திலேயே திருப்பியிருக்க வேண்டியதை விட்டுவிட்டு, டெண்டர் போன பிறகு விலையுயர்ந்த கண்ணாடி தேடி அலைவதைப் பார்த்தால் இன்றும் எரிச்சல் வருகிறது.

சன்ஷேட் காப்பாற்றும் என்று நம்பாதீர்கள். மாலை 5 மணிக்குச் சூரியன் ஏறக்குறைய 30 டிகிரிக்கு இறங்கிவிடும். 60 செ.மீ. சன்ஷேட் அப்போது தரும் நிழல் சுமார் 35 செ.மீ.; மீதிச் சன்னல் முழுக்க வெயில். மேற்கைத் தவிர்க்க முடியாவிட்டால் வெளிப்புறத்தில் செங்குத்துப் பலகைகளை வடக்கு நோக்கியோ தெற்கு நோக்கியோ சாய்த்து வையுங்கள். நேராக நீட்டினால் எதிர்வெயில் இடையில் புகுந்துவிடும்.

உள்ளே திரை போட்டால் போதும் என்பது

போதாது. சூடு ஏற்கெனவே உள்ளே வந்துவிட்டது.

ஒரு பக்கம் மட்டும் சன்னல்

வந்த காற்று போக எதிர்ப்பக்கம் வழி வேண்டும். காற்று வரும் திசை டிசம்பர் முதல் மார்ச் வரை வடக்கு, வடகிழக்கு; ஜூன் முதல் செப்டம்பர் வரை தெற்கு, தென்கிழக்கு.

தேவைக்கு மேல் பெரிய ஏர்கான்

அறை சட்டென்று குளிர்ந்து கம்பிரசர் நின்றுவிடும், ஈரம் வடியாது. சில்லென்று இருந்தும் பிசுபிசுக்கும். அலமாரிக்குப் பின்னால் பூசணம் பிடிக்கும்.

விசிறியைக் கடைசியில் நினைப்பது

சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் 2019இல் திறந்த எஸ்டிஇ4 கட்டடத்தைப் போய்ப் பாருங்கள். வழக்கத்தைவிடக் குறைவாகக் குளிரூட்டிய காற்று, கூடவே கூரை விசிறி. முதலில் விசிறியின் இடத்தைக் குறியுங்கள், பிறகு விளக்கை. இறக்கைக்கு மேலே டவுன்லைட் வந்தால் மேசையில் வெளிச்சம் வெட்டி வெட்டி விழும். ஆட்கள் விசிறியை அணைத்துவிட்டு ஏர்கானை 22இல் வைப்பார்கள்.