கிறிஸ்துமஸுக்கு வீட்டுலயே சுக்கானேக்கா நடத்துறது எப்படி (ஆயாவும் ஜெயிக்கிற மாதிரி)

கிறிஸ்துமஸ் மத்தியானம் பிரியாணி முடிஞ்சதும் என்ன நடக்கும்னு உங்களுக்கே தெரியும், ஆம்பளைங்க ஹால்ல பாயை விரிச்சு சாஞ்சுடுவாங்க, பசங்க ஆளுக்கொரு போனைத் தூக்கிட்டு மூலைக்கு ஒருத்தரா போயிடுவாங்க, பொம்பளைங்க பின்கட்டுல சட்டி கழுவிட்டு இருப்பாங்க. ஜொகூர்ல இருந்தும் கேஎல்ல இருந்தும் இவ்ளோ தூரம் காடி ஓட்டிட்டு வந்தது தூங்குறதுக்கா? எங்க வீட்டுல இதுக்கு மருந்தா வந்ததுதான் சுக்கானேக்கா, அதாவது வேடிக்கை விளையாட்டுப் போட்டி. ஸ்கூல்லயும் பாலாய் ராயாலயும் (ஊர்ப் பொது மண்டபம்) நடத்துவாங்களே அதேதான், பழைய ஆளுங்க டெலிமேட்ச்னு சொல்லுவாங்க.

எங்க ஊரு மலேசியாவுல சிலாங்கூர்ல இருக்கிற பெஸ்தாரி ஜெயா. 2007 வரைக்கும் பத்தாங் பெர்ஜுந்தை, ஏன் பேரை மாத்துனாங்கன்னு மலாய் தெரிஞ்ச யாரையாவது தனியா கூப்பிட்டுக் கேட்டுக்குங்க. சுத்திலும் செம்பனை, அதுக்கு முன்னாடி ரப்பர், எங்க ஆளுங்க எல்லாம் தோட்டத்து லயத்துல (தொழிலாளிங்க வரிசை வீடு) பொறந்து இப்ப தாமான் (குடியிருப்பு) வீட்டுக்கு வந்தவங்க. அதனால ஊர்ல விளையாடுற பெரிய திடல் எல்லாம் தேவையில்ல, போர்ச்சும் வீட்டுக்குப் பக்கத்துல கொஞ்சம் புல்லும் இருந்தா போதும்.

முதல்ல நேரம். 24 ராத்திரி பூசை முடிஞ்சு படுக்கவே ரெண்டு மணி ஆயிடும், 25 காலையில விருந்தாளிங்க வந்துட்டே இருப்பாங்க, 26 நமக்கு லீவு கிடையாது (25 ஞாயித்துக்கிழமை விழுந்தா மட்டும் திங்கள் கிடைக்கும்), அதனால 25 சாயங்காலம் அஞ்சு மணிதான் சரி. டிசம்பர்ல மத்தியானம் மழை கொட்டினாலும் அதுக்குள்ள ஓரளவு வெறிச்சிடும், 7 மணிக்கு மேல இருட்டிடும், ஆக ரெண்டு மணி நேரம்தான் உங்க கையில. நாலு ஆட்டம் போதும். இடி சத்தம் கேட்டா கௌரவம் பாக்காம உள்ள ஓடிடுங்க.

அடுத்தது குழு பிரிக்கிறது, இதுலதான் நிறைய பேர் கோட்டை விடுவாங்க. குடும்பம் குடும்பமா பிரிக்கவே பிரிக்காதீங்க. நாங்க ஒரு வருஷம் அப்படிப் பண்ணி, பெரியம்மா வீடும் சின்னம்மா வீடும் ஒரு பலூனுக்காக சண்டை போட்டு புது வருஷம் வரைக்கும் பேசிக்கல. சீட்டு எழுதி குலுக்குங்க, ஆனா மூணு டப்பாவுல தனித்தனியா: 12 வயசுக்குக் கீழ, அறுபதைத் தாண்டினவங்க, மிச்ச பேரு. ஒவ்வொரு டப்பாவுல இருந்தும் மாத்தி மாத்தி எடுத்தா ஒவ்வொரு குழுவுலயும் ஒரு பொடிசும் ஒரு பெருசும் வந்துடும். ஓடுற ஆட்டமாவே வச்சா பதினெட்டு வயசுப் பையன்தான் எப்பவும் ஜெயிப்பான், அப்புறம் மத்தவங்க எதுக்கு வெயில்ல நிக்கணும்?

சூடு பிடிக்க கிரீம் கிராக்கர். ஆளுக்கு ரெண்டு, தண்ணி கிடையாது, மென்னு முழுங்கிட்டு விசில் அடிக்கணும். அந்த பிஸ்கட் வாயில உள்ள எச்சில எல்லாம் உறிஞ்சிடும், விசில் வராது, தூள்தான் பறக்கும். நாங்க விசிலுக்குப் பதிலா "ஏழைக் கிழவன் வாழைப்பழத் தோல்மேல் சருசருக்கி வழுவழுக்கி கீழே விழுந்தான்"னு தப்பில்லாம சொல்லணும்னு மாத்திட்டோம், தமிழ் ஸ்கூல் போகாத பேரப்பிள்ளைங்க "கிளவன்" "வாலப்பலம்"னு சொல்லும்போது பெருசுங்க சிரிச்சு கண்ணுல தண்ணி. ரொம்பச் சின்னப் பிள்ளைங்களையும் பல் செட்டு போட்டவங்களையும் இதுல சேக்காதீங்க, தொண்டையில மாட்டிக்கும். பக்கத்துலயே தண்ணி ஜக்கு இருக்கட்டும்.

அப்புறம் தேங்காய் போலிங், இது எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். 1.5 லிட்டர் பாட்டில் ஆறு, ஒவ்வொண்ணுலயும் கால்வாசி தண்ணி, இல்லன்னா காத்துக்கே விழுந்துடும். புல்லு மேல அஞ்சாறு மீட்டர் தள்ளி நின்னு மட்டை உரிச்ச தேங்காயை உருட்டணும். தேங்காய் முழு உருண்டை இல்ல, அது இஷ்டத்துக்குத் திரும்பும், அதனால கேஎல்ல நிஜ போலிங் போற மாமாவும் ஏழு வயசுப் பாப்பாவும் இதுல ஒண்ணுதான். சிமெண்ட்டுல உருட்டினா உடைஞ்சிடும், உடைஞ்சா மறுநாள் சட்னி.

இப்ப எங்க வீட்டு ஸ்பெஷல், காண்டா வாளி. ரப்பர் பால் வெட்டுறவங்க காண்டா கம்பை தோள்ல போட்டு ரெண்டு பக்கமும் வாளி தொங்கவிட்டு ஸ்டோருக்குத் தூக்கிட்டுப் போவாங்க இல்லையா, அதையே தண்ணியில பண்றது. ஒரு கெட்டியான மூங்கில், ரெண்டு காலி பெயிண்ட் வாளி, கயிறு. பெரியவங்களுக்கு வாளிக்கு அஞ்சு லிட்டர், பிள்ளைங்களுக்கு பால்மாவு டின்ல ஒரு லிட்டர். இருபது மீட்டர் போய் ஒரு மரத்தைச் சுத்தித் திரும்பி வரணும். வேகத்துக்கு மார்க் இல்ல, இதை மறந்துடாதீங்க, திரும்பி வந்ததும் மிச்சத் தண்ணியை அளந்து பாத்து யாருக்கு அதிகமோ அவங்களுக்குத்தான் பாயிண்ட். முதல் தடவை வச்சப்ப ஜிம்முக்குப் போற அண்ணன் ஓடிட்டு வந்தாரு, வாளியில பாதிதான் இருந்துச்சு, கால்சட்டை பூரா ஈரம். ஆயாவுக்கு அப்ப 71 வயசு. கம்பைத் தொடுறதுக்கு முன்னாடி நேரா வேலிப்பக்கம் போய் ஒரு வாழை இலையைக் கிழிச்சுட்டு வந்து ரெண்டு வாளித் தண்ணி மேலயும் மிதக்க விட்டாங்க, எல்லாரும் சாமி கும்பிடப் போறாங்கன்னு நெனச்சோம். இலை மேல கிடந்தா அலை அடங்கிடும், தண்ணி தளும்பாது, லயத்துப் பைப்புல இருந்து தண்ணி தூக்கின காலத்துப் பழக்கம்னு பின்னாடிதான் சொன்னாங்க. முட்டியைக் கொஞ்சம் மடக்கி, ரெண்டு கையாலயும் கயிறைப் பிடிச்சுக்கிட்டு, பொட்டு பொட்டுன்னு ஒரே தாளத்துல நடந்து வந்தாங்க, அரை லிட்டர் கூட சிந்தல. அதுக்கப்புறம் இலை போடக் கூடாதுன்னு ரூல் கொண்டு வரலாமான்னு அண்ணன் கேட்டாரு, யாரும் ஒத்துக்கல. முட்டிவலி, இடுப்புவலி இருக்கிற பெரியவங்களுக்கு தண்ணியைப் பாதியாக் குறைங்க, வேணாம்னா விட்டுடுங்க.

கடைசி ஆட்டம் உக்காந்து ஆடுறது, பரிசு பிடுங்குறது. ஆளுக்கு 15 வெள்ளிக்குள்ள (ரிங்கிட்) ஒரு பொருளை பேப்பர்ல சுத்திக் கொண்டு வந்து நடுவுல வைக்கணும், நம்பர் சீட்டு எடுக்கணும், உங்க முறை வந்தா புதுசா ஒண்ணைப் பிரிக்கலாம், இல்ல ஏற்கெனவே ஒருத்தர் கையில இருக்கிறதைப் பிடுங்கலாம். ஒரே பொருளை மூணு தடவை பிடுங்கியாச்சுன்னா மூணாவது ஆளுக்கே சொந்தம். நம்பர் ஒண்ணு எடுத்தவருக்கு பிடுங்க எதுவும் இருந்திருக்காது, பாவம், அதனால எல்லாம் முடிஞ்சதும் அவருக்கு ஒரு தடவை மாத்திக்க விடுங்க. வாசனை மெழுகுவத்தி, போட்டோ பிரேம் எல்லாம் யாரும் சீண்டல, எங்க வீட்டுல ரத்தக்களறி ஆனது ரெண்டு சாடின் மீன் டின்னும் எண்ணெய் பாக்கெட்டும் போட்ட ஒரு பைக்குத்தான்.

நடுவரா சொந்தக்காரங்களைப் போடாதீங்க. எங்களுக்கு பக்கத்து வீட்டு அக்கா, அவங்க இந்து, தீபாவளிக்கு அவங்க வீட்டு முறுக்கு, கிறிஸ்துமஸுக்கு எங்க வீட்டு அச்சு முறுக்குன்னு தட்டு மாத்திக்கிற பழக்கம், யாருக்கும் பயப்படாம மார்க் போடுவாங்க. எதிர்வீட்டு மலாய்க்காரப் பிள்ளைங்களும் ஆட வந்துடுவாங்க, அதனால பரிசுல ஹலால் மிட்டாயா வாங்கி வச்சுடுங்க. பாயிண்ட் எழுத சீனன் கடைக் குதிரை காலண்டர் (மாசத்துக்கு ஒரு தாள்), வருஷக் கடைசியில கிழிச்ச தாள் பதினொண்ணு சும்மா கிடக்கும், பின்பக்கம் வெள்ளையா பெருசா இருக்கும்.

கோப்பைக்கு ஒரு பழைய பால் மங்கு தேடிப் பிடிங்க, ரப்பர் மரத்துல கட்டுவாங்களே அது. கழுவி, தங்கக் கலர் ஸ்ப்ரே அடிச்சு, அடியில மார்க்கர்ல வருஷத்தையும் பேரையும் எழுதுங்க. ஆனா ஜெயிச்சவங்க வெளியூர்க்காரங்கன்னா கையில குடுத்து அனுப்பாதீங்க, போட்டோ எடுத்துக்கச் சொல்லி அலமாரியில வச்சுடுங்க. எங்க மங்கு ரெண்டு வருஷமா ஜொகூர்ல சித்தப்பா வீட்டு ஜன்னல்ல இருக்கு, அதுல கொத்தமல்லி முளைச்சிருக்காம்.