கழுத்தில் குழாயோடு வீடு திரும்பியவரைப் பார்த்துக்கொள்வது: ராமநாதபுரம் கடற்கரைக் குடும்பங்களுக்கு

குரல்வளைப் புற்றுநோய், நாக்கு அல்லது தாடை ஆபரேஷன், மூச்சுக்குழலை நெரித்த தைராய்டு கட்டி என்று மூச்சுவிடக் கழுத்தில் துளை போட்டுக் குழாய் வைக்கப் பல காரணங்கள் உண்டு. வீட்டுக்கு வந்த பிறகு ஆபத்து பெரும்பாலும் ஒரே வழியில்தான் வருகிறது: சளி காய்ந்து, பொருக்குத் தட்டி, குழாயை அடைத்துவிடும். மூச்சு முழுதாக நின்றால் நான்கைந்து நிமிடத்திலேயே மூளை பாதிக்கப்படும். தங்கச்சிமடத்திலிருந்தோ தொண்டியிலிருந்தோ ராமநாதபுரம் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர அந்த நேரம் போதாது. அதனால் கீழே சொல்வதை எல்லாம் வீட்டில் குறைந்தது இரண்டு பேராவது, டிஸ்சார்ஜுக்கு முன்பே நர்ஸ் பார்த்துக்கொண்டிருக்கும்போது தங்கள் கையால் செய்து பழக வேண்டும். வேடிக்கை பார்த்துக் கற்றுக்கொள்ளும் வேலை அல்ல இது.

முதலில் எந்தத் துளை என்று தெரிந்துகொள்ளுங்கள்

டிரக்கியாஸ்டமி என்றால் குரல்வளை உள்ளேயே இருக்கிறது. மூக்குக்கும் நுரையீரலுக்கும் இடையே வழி கொஞ்சமாவது திறந்திருக்கலாம். குரல்வளையை முழுதாக எடுத்துவிட்டால், அதாவது லாரின்ஜெக்டமி என்றால், கழுத்துத் துளை ஒன்றுதான் வழி, ஆயுள் முழுக்க. இவருக்கு மூக்கில் ஆக்சிஜன் மாஸ்க் வைத்தால் துளிகூட உள்ளே போகாது, கழுத்தில்தான் வைக்க வேண்டும். ஒரு அட்டையில் "கழுத்துத் துளை வழியாக மட்டுமே மூச்சு, மாஸ்க்கைக் கழுத்தில் வைக்கவும்" என்று பெரிய எழுத்தில் எழுதி, சட்டைப் பையில் ஒன்று, வீட்டு வாசல் கதவில் ஒன்று வையுங்கள். 108 ஆட்கள் முதலில் பார்ப்பது அதுவாக இருக்கட்டும். டிரக்கியாஸ்டமி என்றால் அதையும், குழாயின் அளவையும் எழுதுங்கள்.

பேசுவதற்காகக் குழாய் வாயை விரலால் மூடுவது, டாக்டர் அனுமதித்த டிரக்கியாஸ்டமிக்காரர்களுக்கு மட்டும். குழாயைச் சுற்றிக் காற்றுப் பை ஊதியிருக்கும்போது மூடினால் மூச்சு அங்கேயே நின்றுவிடும். லாரின்ஜெக்டமி ஆனவரின் துளையை ஒரு நொடிகூட மூடக் கூடாது.

உள் குழாயைக் கழுவுவது

மெட்டல் குழாயில் வெளிக் குழாய், அதற்குள் உள் குழாய் என்று இரண்டு உண்டு. பொருக்கு உள் குழாயில்தான் பிடிக்கும். அதைக் கழற்றினால் வழி திறந்துவிடும் என்பதற்காகவே இந்த அமைப்பு. சில பிளாஸ்டிக் குழாய்களில் உள் குழாய் இருக்காது. அவை சீக்கிரம் அடையும், சளி உறிஞ்சுவதை இன்னும் கவனமாகச் செய்ய வேண்டும். எது இருக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொண்டே வீட்டுக்குக் கிளம்புங்கள்.

கழுவுவதற்கு முன் சோப்புப் போட்டுக் கை கழுவி, நோயாளியைச் சாய்ந்து உட்கார வையுங்கள். இடது கையின் இரண்டு விரலால் வெளிக் குழாயின் தட்டைக் கழுத்தோடு அசையாமல் பிடித்துக்கொண்டு, வலது கையால் பூட்டைத் திருப்பி, உள் குழாயை அதன் வளைவுப் போக்கிலேயே இழுங்கள். நேராக இழுத்தால் இருமல் பொங்கும், வெளிக் குழாயும் சேர்ந்து வரப் பார்க்கும். ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு டீஸ்பூன் சமையல் சோடா கரைத்து ஐந்து நிமிடம் ஊற வைத்தால் பொருக்கு இளகும். மெல்லிய பிரஷ்ஷால் இரு முனையிலிருந்தும் தேய்த்து, ஓடும் தண்ணீரில் அலசி, வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். ஓரத்தில் மஞ்சள் படலம் தெரிந்தால் திரும்பவும் தேய்க்க வேண்டும்.

கடைசி அலசலுக்குக் கொதிக்க வைத்து ஆற்றிய நல்ல தண்ணீர்தான். கரையோரக் கிணறுகளின் உவர்த் தண்ணீர் காயும்போது குழாய்ச் சுவரில் உப்புப் படியும், அந்தச் சொரசொரப்பில் சளி ஒட்டும். மெட்டல் குழாயைக் கொதிக்க வைக்கலாம், ஆனால் முழுதாக ஆறிய பிறகே உள்ளே போட வேண்டும். பிளாஸ்டிக் குழாயைக் கொதிக்க வைத்தால் வளைந்து போகும். பிளீச்சிங் எதற்கும் வேண்டாம்.

முதல் சில வாரங்கள் நான்கு முதல் ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை கழுவுங்கள், தூங்கப் போகும் முன் கட்டாயம். பிறகு சளியின் அளவைப் பார்த்து நாளுக்கு மூன்று முறையாகக் குறைக்கலாம். உள் குழாய் வெளியே இருக்கும் நேரமெல்லாம் வெளிக் குழாய்க்குள் சளி காயும். அதனால் பத்து நிமிடத்துக்கு மேல் வெளியே வைக்காதீர்கள். அதே அளவில் இரண்டாவது உள் குழாய் கிடைத்தால் மாற்றி மாற்றிப் போடுவது நல்லது.

ஈரம்

"கடற்கரைதானே, காற்றிலேயே ஈரம் இருக்கிறது" என்று நினைப்பது தவறு. காற்றைச் சூடாக்கி, நனைத்து, வடிகட்டி அனுப்புவது மூக்கு. அந்த வேலை இப்போது நடக்கவில்லை. ஆடி மாதத்தில் கச்சான் காற்று மணலோடு வீசும்போது ஒரே மதியத்தில் குழாய் பாதி அடைந்துபோவது உண்டு.

இரண்டு மடிப்பு காஸ் துணியை நனைத்துப் பிழிந்து, குழாய் வாய்க்கு முன்னால் தொங்குமாறு நாடாவில் கட்டுங்கள். காய்ந்தால் திரும்ப நனையுங்கள். நெபுலைசரில் (திரவத்தை நுண்துளிப் புகையாக்கும் மெஷின்) 3 முதல் 5 மில்லி நார்மல் சலைன் (மருத்துவ உப்பு நீர்) ஊற்றி, நாளுக்கு மூன்று நான்கு முறை கழுத்துக்கு நேராகப் பிடிக்கலாம். நொச்சி இலை ஆவி, மூக்கில் தடவும் தைலம் எதுவும் கழுத்துக்குப் பக்கத்தில் வேண்டாம்: சூடான ஆவி மூச்சுக்குழலை நேராகச் சுட்டுவிடும். சிறுநீரகம், இதயக் கோளாறு இல்லாதவர் நாளுக்கு இரண்டு லிட்டருக்குக் குறையாமல் தண்ணீர் எடுக்க வேண்டும், மூக்குக் குழாய் வழியாகக் கொடுத்தாலும் சரி.

குழாய் சுத்தமாக இருந்தால் மூச்சு சத்தமில்லாமல் போகும். விசில் போலவோ கரகரவென்றோ கேட்டால் உள்ளே பொருக்கு இருக்கிறது என்று பொருள். குழாய்க்கு முன்னால் புறங்கையைப் பிடித்தால் காற்றின் வேகம் குறைந்ததும் தெரியும். இந்த இரண்டையும் தினம் கவனிக்கிற வீட்டில் அவசரம் வருவது அபூர்வம்.

சளி உறிஞ்சுவது

8 எண் கழுத்துக் குழாய்க்கு 12 எண் கதீட்டர் (சளி உறிஞ்ச உள்ளே விடும் மெல்லிய குழல்), 7 எண்ணுக்கு 10. சளி உறிஞ்சும் மெஷினின் அழுத்தம் 80 முதல் 120 mmHg வரை இருக்கட்டும், 150-ஐத் தாண்டக் கூடாது. கூடுதல் அழுத்தம் சளியோடு மூச்சுக்குழல் தோலையும் பிய்க்கும். எவ்வளவு ஆழம் என்று ஊகிக்காதீர்கள். ஸ்பேர் குழாய்க்குள் ஒரு பழைய கதீட்டரை விட்டு, நுனி ஒரு சென்டிமீட்டர் எட்டிப் பார்க்கும் இடத்தில் பேனாவால் கோடு போட்டு வைத்துக்கொண்டு, அதே அளவுக்குத்தான் உள்ளே விட வேண்டும். உள்ளே போகும்போது உறிஞ்சல் கூடாது. வெளியே இழுக்கும்போது மட்டும், பத்து விநாடிக்குள். அடுத்ததற்கு முன் அரை நிமிடமாவது மூச்சு விட இடைவெளி கொடுங்கள், ஒரு தடவைக்கு மூன்று முறைக்கு மேல் வேண்டாம். மணிக்கொரு தரம் உறிஞ்ச வேண்டும் என்ற கணக்கெல்லாம் இல்லை. தானாக இருமித் துப்ப முடிந்தால் அதுவே மேல்.

பாம்பன் துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றினால் மெஷின் பேட்டரியை நிறைய சார்ஜ் செய்து, சலைன், கதீட்டர், காஸ் ஒரு வாரத்துக்கு வாங்கி வையுங்கள். காலால் மிதிக்கும் சக்ஷன் பம்பும் உண்டு. கரண்ட் அடிக்கடி போகும் ஊருக்கு அதுதான் நம்பகமானது.

நாடா, துணி, ஈ

நாடா மாற்ற இரண்டு பேர் வேண்டும். ஒருவர் தட்டைப் பிடித்திருக்க, மற்றவர் புது நாடாவைக் கட்டிய பிறகே பழையதை வெட்ட வேண்டும். நாடாவுக்கும் கழுத்துக்கும் நடுவே ஒரு விரல் நுழைய வேண்டும். முடிச்சு பக்கவாட்டில், இரட்டையாக. கழுத்தில் சதை ஒட்டு வைத்தவருக்கு நாடா கட்டலாமா என்று சர்ஜனைக் கேளுங்கள், இறுக்கினால் ஒட்டுக்குப் போகும் ரத்தம் நின்றுபோகும்.

குழாய்க்கு அடியில் வைக்கும் காஸைக் கத்தரியால் வெட்டாதீர்கள், நூல் பிரிந்து மூச்சோடு உள்ளே போகும். மடித்தே வையுங்கள். பஞ்சும் பவுடரும் கூடாது.

கருவாடு காயும் களத்துக்குப் பக்கத்து வீடுகளில் இதைக் குறிப்பாகச் சொல்ல வேண்டியிருக்கிறது: ஈரமான புண்ணில் ஈ முட்டையிட்டால் கழுத்துத் துளையிலேயே புழு வைக்கும். பகலில் படுத்தாலும் கொசுவலை போடுங்கள், சளி பட்ட துணியை உடனே மாற்றுங்கள். புழு, கெட்ட வாடை, அசையும் ஏதாவது தெரிந்தால் வீட்டில் எண்ணெய் ஊற்றிப் பார்க்காமல் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

தண்ணீர், புகை

கடலில் இறங்கவே கூடாது. போட்டில் போய்த் தவறி விழுந்தால் தண்ணீர் நேராக நுரையீரலுக்குள் போகும், எவ்வளவு நீச்சல் தெரிந்தாலும் பயனில்லை. அக்னி தீர்த்த முழுக்கும், கோவிலின் 22 தீர்த்தங்களில் வாளி வாளியாகத் தலையில் ஊற்றுவதும் இவருக்கு ஆகாது. கையில் எடுத்துத் தெளித்துக்கொள்ளலாம். குளிக்கும்போது தோளுக்குக் கீழே ஊற்றி, தலையைத் தனியாகப் பின்னால் சாய்த்து அலச வேண்டும். ஐஸ் பேக்டரி அமோனியா, டீசல் புகை, ஓலை எரியும் அடுப்பு இவற்றிலிருந்து விலகி இருக்க வேண்டும். லாரின்ஜெக்டமி ஆனவருக்கு வாசனை தெரியாது, கேஸ் கசிந்தாலும் தெரியாது.

அடைத்துக்கொண்டால், கழன்றுவிட்டால்

மூச்சு முட்டினால் முதல் வேலை உள் குழாயைக் கழற்றுவது. யாரையும் கேட்கக் காத்திருக்க வேண்டாம். சரியாகவில்லை என்றால் கதீட்டர் விட்டு உறிஞ்சுங்கள். கதீட்டரே இறங்கவில்லை என்றால் வெளிக் குழாயும் அடைந்திருக்கிறது: காற்றுப் பை இருந்தால் காற்றை எடுத்து, நாடாவை வெட்டி, முழுக் குழாயையும் எடுத்துவிடுங்கள். அடைத்த குழாயை விட வெறும் துளை மேல். பயிற்சி உள்ளவர், ஒரு அளவு சின்னக் குழாயைப் போடலாம். 108-க்கு மற்றொருவர் அதற்குள் போன் செய்ய வேண்டும்.

ஆபரேஷன் ஆகி ஒரு வாரத்துக்குள் குழாய் கழன்றால் திரும்பத் தள்ளாதீர்கள். துளை இன்னும் பாதையாக உருவாகியிருக்காது, குழாய் சதைக்குள் தப்பான வழியில் போய்விடும்.

சளியில் கீற்றுபோல ரத்தம் வருவது வறட்சியால் இருக்கலாம். சிவப்பாகச் சொட்டினாலோ கொட்டினாலோ, தானாக நின்றுவிட்டாலும் உடனே கிளம்ப வேண்டும். சிறிய கசிவுக்குப் பின்னால் பெரிய ரத்தக் குழாய் அரித்துப்போய் இருக்கலாம்.

இவரால் கூப்பிட முடியாது, விசிலும் ஊத முடியாது. படுக்கைக்குப் பக்கத்தில் ஒரு மணி வையுங்கள். போனில் பேச்சே இல்லாமல் தட்டும் சத்தம் மட்டும் கேட்டால் ஓடி வர வேண்டும் என்று பக்கத்து வீட்டாரிடமும் சொல்லி வையுங்கள்.

கழுத்துக்கு ரேடியேஷன் தொடங்கும் முன் மெட்டல் குழாயைப் பிளாஸ்டிக்காக மாற்ற வேண்டும், கதிர் உலோகத்தில் பட்டுச் சிதறும். பிளாஸ்டிக் குழாயை ஏறத்தாழ மாதத்துக்கு ஒரு முறை ஆஸ்பத்திரியில் மாற்றிக்கொள்ளுங்கள். ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காது மூக்கு தொண்டைப் பிரிவு இருக்கிறது. பெரிய ஆபரேஷனுக்கு மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனைக்கு அனுப்புவார்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டையைப் புதுப்பித்து வைத்திருங்கள். படுக்கையில் இருப்பவருக்கு மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வலி தணிப்பு நர்ஸ் வீட்டுக்கே வருவார், பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிவு செய்தால் போதும்.